‘ஹைக்’: நடை யாருக்கு, ஏற்றம் யாருக்கு?

ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் உண்டு. நான்கே எழுத்து. ‘ஹைக்’ என்பது அதன் ஒலி. நெடுந்தூரம் நடத்தல், அதிலும் மலையிலும் காட்டிலும் மனமகிழ்ச்சிக்காக நடத்தல் என்று அகராதிகள் அதற்கு முதற்பொருள் கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பேச்சில் தலைகாட்டிய இச்சொல்லின் வேர் இன்னதென்று சொல்லாராய்ச்சி வல்லாரும் அறியார். குலமும் கோத்திரமும் தெரியாத இச்சொல்லை வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கர். அவர்கள் அதற்கு மேலும் இரு பொருள்களை ஏற்றினார்கள். ஒன்று, இழுத்து மேலே தூக்கிவிடுதல். இடுப்பிலிருந்து நழுவும் காற்சட்டையைத் தூக்கிவிடுவதற்கு முதலில் வழங்கிய சொல், நாளடைவில் விலையையும் வரியையும் கூலியையும் உயர்த்துவதற்கும் ஆயிற்று. மற்றொன்று, வேண்டாதவனைப் பார்த்து ‘போய் ஒரு ஹைக் எடு’ என்று சொல்வது. தமிழில் நாம் ‘நடையைக் கட்டு’ என்போமே, அதுவே இது. வீட்டுக்காரன் பிச்சைக்காரனிடமும், அதிகாரி விண்ணப்பகாரனிடமும், பலமுள்ளவன் பலமற்றவனிடமும் கூறும் சொல்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருத்தல் குற்றமன்று. நம் ‘ஏற்றம்’ என்ற சொல்லையே பாருங்கள். மலையேறுதலும் ஏற்றம், விலையேறுதலும் ஏற்றம், மேன்மையும் ஏற்றம், தண்ணீர் இறைக்கும் பொறியும் ஏற்றம். யாழ்ப்பாணத்துக் கமக்காரன் அப்பொறியைத் துலா என்பான். அதன்மேல் நின்று முன்னும் பின்னுமாக நாள் முழுவதும் நடந்தவன் எத்தனை காதம் நடந்தான் என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. நடந்தவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஏறியது கிணற்று நீர். மின்சாரப் பம்பி வந்து அவனுக்கு விடுதலை தந்தது.

சப்ரகமுவத் தோட்டங்களில் உழைக்கும் நம் மக்களுக்கு அத்தகைய விடுதலை இன்னும் வரவில்லை. ‘ஹைக்’ என்ற சொல்லின் மூன்று பொருளும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகளிலும் இறப்பர்க் காடுகளிலும் அன்றாடம் நடமாடுகின்றன. ஆனால் அவை எல்லாருக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்படவில்லை. இன்பமான பொருள் ஒருவருக்கும், கசப்பான பொருள்கள் இன்னொருவருக்குமாகப் பிரிந்து கிடக்கின்றன. இதைப் பற்றியே நாம் எழுதுகின்றோம்.

முதலில் நடையை எடுத்துக்கொள்வோம்.

விடுமுறை நாள்களில் கொழும்பிலிருந்து சீருந்துகள் புறப்படுகின்றன. குருவிட்ட வழியாகவும் பலாபத்தலை வழியாகவும் சிவனொளிபாத மலைக்கு ஏறுவோர் ஒரு சாரார். சிங்கராஜ வனத்தைக் காண விரும்பிக் கலவானைக்கும் இறக்குவானைக்கும் போவோர் ஒரு சாரார். கித்துல்கலை ஆற்றங்கரையிலும், மாவனல்லைக்கு அப்பால் உள்ள பத்தலேகலைக் குன்றிலும் கால் பதிப்போர் இன்னொரு சாரார். முதுகில் பை, காலில் விலையுயர்ந்த சப்பாத்து, கையில் ஊன்றுகோல். இவர்கள் நடப்பது ‘ஹைக்’. அதை நாம் பழிக்கவில்லை. 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையைக் கால்நடையாய் ஏறித் தொழுவது நம் முன்னோர் வழி. நம் வாசகரிடையேயுள்ள வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் பொறியியலாளர்களும் அவ்வழியே சென்று வந்தவர்களே. உடலுக்கும் நல்லது, உள்ளத்துக்கும் நல்லது.

ஆயினும் அதே மலைச்சரிவில், அதே வேளையில், இன்னொருவரும் நடந்துகொண்டிருக்கின்றார். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டியப் பகுதிகளில் இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளியைக் கவனியுங்கள். விடியுமுன் எழவேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். முந்நூறு மரங்களை ஒரு நாட்பங்காக வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டயரில் ஏறக்குறைய 500 மரம் நடுவது வழக்கமாதலால் ஒரு மரத்துக்கும் மறுமரத்துக்கும் நாலரை மீற்றர் இடைவெளி. முந்நூறு மரத்துக்கு ஒரு சுற்று நடந்தால் 1,350 மீற்றர். வெட்டிய பின் மீண்டும் அதே சுற்று, இம்முறை சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றியெடுத்துக்கொண்டு. ஆக 2,700 மீற்றர். இது சமதரையில் போட்ட கணக்கு. கேகாலையில் சமதரை எங்கே இருக்கின்றது? லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து பால் நிறுக்கும் இடத்துக்கும் நடந்த தூரம் இதில் சேரவில்லை. ஏந்திய பாரமும் சேரவில்லை. அட்டை உறிஞ்சிய குருதியையும் நாம் சேர்க்கவில்லை. மழை பெய்தால் அன்று பால்வெட்டு இல்லை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில் அது எத்தனை நாளென்று சொல்லத் தேவையில்லை.

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நடையோ இன்னும் நீண்டது. பிரட்டுக்களத்துக்கு ஒரு நடை, மலைக்கு ஒரு நடை, கூடை நிறைந்தால் நிறுவைக்கு ஒரு நடை, பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தையைப் பார்க்க ஒரு நடை. மாலையில் விறகுக்கும் தண்ணீருக்கும் வேறு நடை. பத்தாம் வகுப்புக்கு மேல் தமிழில் கற்க விரும்பும் அவள் மகனுக்கோ மகளுக்கோ நெடுந்தூரப் பள்ளிக்கூட நடை. இந்நடைகளுக்கு ஆங்கிலத்தில் ‘ஹைக்’ என்று எவரும் பெயரிட்டதில்லை. பொழுதுபோக்குக்கு நடந்தால் ஒரு சொல், வயிற்றுக்கு நடந்தால் சொல்லே இல்லை. கண்டியில் தொடங்கி மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களினூடே 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதையொன்றை வெளிநாட்டு நிதியுதவியோடு அமைத்து, ‘பீக்கோ’ என்ற தேயிலை வகையின் பெயரைச் சூட்டி, இருபத்திரண்டு கட்டங்களாகப் பிரித்து உலகுக்கு விளம்பரம் செய்திருக்கின்றார்கள். அப்பாதையின் பெரும்பகுதி கொழுந்துக்கூடை சுமந்தோர் கால்களால் அழுத்தித் தேய்த்து உண்டாக்கியது. பாதை போட்டவர்களுக்குப் பாராட்டு இருக்கட்டும். பாதையை உண்டாக்கியவர்களுக்கு அதில் என்ன வருவாய் என்று கேட்பது தவறாகுமா?

நடையின் பழைய வரலாற்றையும் ஒரு முறை நினைவூட்ட வேண்டியிருக்கின்றது. 1823இல் கம்பளைக்கு அண்மையில் முதல் கோப்பித் தோட்டம் தோன்றிய காலந்தொட்டு, தென்பாண்டிக் கரையிலிருந்து படகேறி மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என நடந்து மலைநாட்டை அடைந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் மாண்டவர்களின் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றார்கள். தொகை எதுவாயினும் ஆகட்டும். நாம் கூற விரும்புவது வேறொன்று. அந்நடைக்கான செலவைக் கங்காணி முன்பணமாகக் கொடுத்து, அதைத் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதிக்கொண்டான். கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போவதானால், இத்தொகையைக் கட்டுவோர் இவரை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இத்துண்டு முறை நீடித்தது. நடந்தவனுக்கே நடையின் செலவைக் கடனாகச் சுமத்திய பெருமை உலகில் வேறெந்த நடைக்கும் உண்டோ என்று நாம் அறியோம்.

இருநூறு ஆண்டு நிறைந்த 2023இல், ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்த நெடும்பயணம் அப்பழைய வழியே நடந்தது. ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற கூட்டிணைவு நடத்திய அப்பயணத்தில் தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் நடந்தார்கள். காணியும் வீடும் ஏற்பும் கேட்டு நடந்த நடை அது. வடக்கில் நம் மக்கள் வழிநெடுகத் தண்ணீரும் உணவும் கொடுத்து வரவேற்றார்கள். நல்லது. ஆனால் வரவேற்பு முடிந்த பின் நம்மில் எத்தனை பேர் அக்கோரிக்கைகளை ஒருமுறை வாசித்தோம்?

இனி இரண்டாவது பொருளுக்கு வருவோம். ‘நடையைக் கட்டு’ என்னும் பொருள். சப்ரகமுவ மக்களுக்கு இப்பொருளை விளக்க அகராதி வேண்டியதில்லை.

1946இல் கேகாலை மாவட்டம் உந்துகொடையிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. காணியற்ற சிங்களக் கிராமத்தவருக்குக் காணி கொடுப்பது நியாயமே. ஆனால் அக்காணியில் உழைத்து, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்த் தொழிலாளரை லயங்களைவிட்டு வெளியேறும்படி கட்டளை பிறந்தது. அவர்கள் மறுத்தார்கள். தம் குடியிருப்பில் தாமே அத்துமீறியதாக அவர்கள்மீது வழக்கு வந்தது. அதைக் கண்டித்து அவ்வாண்டு ஜூன் மாதம் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடத்திற்று. காணியற்றவனுக்குக் காணி வழங்க, இன்னொரு காணியற்றவனை விரட்டுவதே வழி என்று கண்டுபிடித்த அரசியல் ஞானம் அன்றே தொடங்கிவிட்டது.

நேவ்ஸ்மயர் ஒரு தோட்டத்தின் கதை. இரண்டு ஆண்டில் அது ஒரு நாட்டின் கதையாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் தன் பிரதிநிதிகளை அனுப்பிய மலையகம், 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியாமற் போயிற்று. இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமை மசோதா வந்தபோது நம் தமிழ்க் காங்கிரசும் ஒன்றாய் நிற்கவில்லை, பிளவுபட்டது. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு அம்மசோதா ஒரு முக்கிய காரணம். மலையகத் தமிழனுக்கு ‘நடையைக் கட்டு’ என்று கூறப்பட்டபோது அதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்த தமிழ்த் தலைவர்கள் இருந்தார்கள் என்பதை மறைத்து எழுதுவது நமக்கு அழகன்று.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மனிதரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்தாண்டு கழித்து அம்மீதியையும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுப்பவன்கூட இத்தனை எளிதாய்ப் பிரிக்கமாட்டான். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தலைமன்னார்ப் புகைவண்டியில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுள் பலர் நீலகிரித் தேயிலையில் மீண்டும் கூலிகளானார்கள்.

சட்டம் ‘போ’ என்று சொன்னதோடு நிற்கவில்லை. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் சட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் தடியோடும் தீப்பந்தத்தோடும் வந்து அதையே சொன்னார்கள். சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த சிறுசிறு தோட்டங்களில் சிதறி வாழ்ந்த சப்ரகமுவத் தமிழருக்கு நுவரெலியாவில் உள்ளதுபோன்ற கூட்டப் பலம் இல்லை. 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினார்கள். அங்கே காடு வெட்டிக் கமம் செய்தார்கள். வன்னியிலுள்ள நம் கமக்கார வாசகர்களுக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். வேலிக்கு அடுத்த பக்கத்தில் இருப்பவர்கள். அடுத்தடுத்து வந்த போர்களில் அவர்கள் நடந்த நடையைப் பற்றி நாம் தனியே எழுதவேண்டும்.

1988லும் 2003லும் இயற்றிய சட்டங்களால் குடியுரிமைச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் குடியுரிமை கிடைத்ததே ஒழிய, குடியிருக்கும் நிலம் அவர்களுடையதாகவில்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டம் அரசுக்குச் சொந்தம், 1992 முதல் நிர்வாகம் கம்பனிக்கு. 2016 மே மாதம் அரநாயக்கையில் சாமசர மலை சரிந்து ஊர்களைப் புதைத்ததும் கேகாலை மாவட்டத்திலேதான். மழை பெருத்தால் அதிகாரிகள் வந்து ‘இடத்தைவிட்டு அகலுங்கள்’ என்று எச்சரிக்கின்றார்கள். எச்சரிக்கை நல்லெண்ணத்தோடு வருவதே. ஆனால் எங்கே அகலுவது? சொந்தமாக ஏழு பேர்ச்சும் இல்லாதவனுக்கு அகலுவதற்கு ஆகாயமா இருக்கின்றது?

மூன்றாவது பொருளே இன்று நம் கொழும்பு ஆங்கில நாளேடுகளின் தலைப்புகளில் அடிக்கடி காணப்படுவது. ‘ஹைக்’ என்றால் உயர்வு. மின்கட்டண ஹைக், எரிபொருள் ஹைக், கோதுமைமா ஹைக், தோட்டத் தொழிலாளர் சம்பள ஹைக். எல்லாம் ஒரே சொல், ஒரே பருமனான எழுத்து. வாசிப்பவர் என்ன எண்ணுவார்? விலை ஏறியது, கூலியும் ஏறியது, கணக்கு நேராயிற்று என்றே எண்ணுவார். நம் தமிழ் ஏடுகளும் ‘உயர்வு’ என்று அதை மொழிபெயர்த்து அப்படியே போடுகின்றன. இந்தப் பொய்யைக் கணக்கால் உடைக்க வேண்டியது நம் கடமையாகின்றது.

2016 அக்டோபரில் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் செய்த கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 500 ரூபா. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்காக 30. ஆக 730 ரூபா. ஊக்கப்படிகள் சேமலாப நிதிக் கணக்கில் வரா என்பதை ஒருபுறம் வைப்போம். தொழிலாளரோ 1,000 ரூபா கேட்டுப் போராடினார்கள். 2018 அக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து கொழும்புக் காலிமுகத்திடலை நிறைத்தார்கள். 2019 ஜனவரி 28இல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவானது. ‘நாற்பது வீத ஹைக்’ என்ற முழக்கம் எழுந்தது. கணக்கில் பிழையில்லை, 200 ரூபா 500இன் நாற்பது வீதமே. ஆனால் அதே கையெழுத்தால் வரவுப் படியையும் உற்பத்திப் படியையும் நீக்கிவிட்டார்கள். விலைப்பங்கு 50 ரூபா சேர்த்து மொத்தம் 750 ரூபா. ஒழுங்காய் வேலைக்கு வந்து நிறுவையும் குறையாதவள் நேற்றுப் பெற்றது 730 ரூபா, இன்று பெறுவது 750 ரூபா. உயர்வு இருபது ரூபா! நூற்றுக்கு மூன்றும் ஆகவில்லை. வலக்கைப் பைக்குள் இருந்ததை இடக்கைப் பைக்குள் மாற்றிவிட்டு ‘நாற்பது வீதம்’ என்றால், அந்த வித்தைக்குப் பெயர் ஹைக்கா, கண்கட்டா? கையெழுத்திட்ட தொழிற்சங்கத் தலைவர்களும் இதற்குப் பொறுப்பாளிகள். அவர்கள் தமிழர் என்பதற்காக நாம் விட்டுவிடப் போவதில்லை.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாவை விதித்தது. 900 ரூபா அடிப்படை, 100 ரூபா வரவுசெலவுத் திட்டப் படி. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன, நீதிமன்றம் சென்றன. ஆறு ஆண்டாகக் கேட்ட ஆயிரம் கைக்கு வந்தது. வந்த வேளையைப் பாருங்கள். அடுத்த ஆண்டே நாடு வங்குரோத்தாயிற்று. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறின. ரொட்டியே உணவாகக் கொண்ட லயத்தில் கோதுமைமா விலை என்ன செய்தது என்பதை நாம் எழுதவேண்டியதில்லை.

2022 டிசம்பரில் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 57.2 வீதம் உயர்ந்திருந்தது. நம் கணக்காளர் வாசகர்கள் ஒரு வகுத்தல் செய்து பார்க்கலாம். 1,000 ரூபாவை 1.572ஆல் வகுத்தால் 636 ரூபா. அஃதாவது 2021 டிசம்பரின் ஆயிரம் ரூபா, பன்னிரண்டே மாதத்தில் 636 ரூபாவாய் இளைத்தது. கம்பனி ஒரு சதமும் குறைக்கவில்லை, சட்டமும் குறைக்கவில்லை. கூலி நின்ற இடத்தில் நின்றது, விலை மலையேறிற்று. துலா மிதித்தவனின் கதை இங்கே மீண்டும் வருகின்றது.

பின்பு 2024 தேர்தல் ஆண்டு வந்தது. மே தினத்தன்று 1,700 ரூபா என்று ஜனாதிபதி அறிவித்தார், வர்த்தமானியும் வெளியாயிற்று. கம்பனிகள் வழக்காடின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் 1,350 ரூபாவோடு கதை முடிந்தது. ‘முப்பத்தைந்து வீத ஹைக்’. அதே வகுத்தலைச் செய்யுங்கள்: 1,350 ரூபாவின் மதிப்பு, 2021 டிசம்பர் விலையில் 859 ரூபா. ஆயிரத்திலிருந்து எண்ணூற்று ஐம்பத்தொன்பதுக்கு இறங்கியதை உயர்வென்று எழுதும் மொழி எந்த மொழியாயினும், அம்மொழிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம் 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவாக அடிப்படையை உயர்த்தவும், அரசாங்கமே நாளொன்றுக்கு 200 ரூபா வரவு ஊக்கப்படி கொடுக்கவும் முன்மொழிந்தது. மொத்தம் 1,750 ரூபா. இதையும் வகுத்துப் பார்த்தோம். 1,113 ரூபா வருகின்றது. ஆம், இது உயர்வே. நியாயமாக ஒப்புக்கொள்கின்றோம். நான்கு ஆண்டு பின்தங்கிய பிறகு ஆயிரத்துக்கு நூற்றுப்பதின்மூன்று ரூபா கூடிற்று. ஆனால் படியை விலக்கி அடிப்படையை மட்டும் எடுத்தால் 986 ரூபாதான். கம்பனி கொடுக்கும் பங்கு இன்னும் பழைய ஆயிரத்தை எட்டவில்லை. எட்டவைத்தது பொதுமக்களின் வரிப்பணம். இதைக் கணக்கிடும்போது 2022க்குப் பின் ஏறியிறங்கிய சிறு மாற்றங்களை நாம் விட்டுவிட்டோம். அவற்றைச் சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது.

கம்பனிகள் கூறும் மறுமொழியையும் நாம் மறைக்க விரும்பவில்லை. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலி, இலங்கைத் தொழிலாளி பறிக்கும் கொழுந்து பிறநாட்டாரைவிடக் குறைவு, கூலி கூடினால் தோட்டம் மூடப்படும் என்கிறார்கள். கமம் செய்வோர் இதற்கு நம்மைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். கிழட்டுச் செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்யாமல், காடு பிடித்த மலையைத் துப்புரவாக்காமல், பசளை குறைத்து, அதன்பின் ‘பறிப்பவள் குறையப் பறிக்கிறாள்’ என்று ஏசினால் அது பயிர்ச்செய்கையா? விளையாத வயலில் அரிவி வெட்டுபவளைக் குற்றம் சொல்லும் கமக்காரன் எவனும் இல்லை. நிறுவை குறைந்தால் அரைப்பேர் போடுகின்றீர்கள். மலையைப் பராமரிக்காத நிர்வாகத்துக்கு யார் அரைப்பேர் போடுவது? இந்நாட்டுத் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் விளைவிப்பவர்கள் சிறுதோட்டக்காரர்கள். இரத்தினபுரியிலேயே அவர்கள் நிறைந்திருக்கின்றார்கள். காணி பெற்ற அவர்கள் அதே மண்ணில் பிழைக்கின்றார்கள். அதே மண்ணில் நூறாண்டுக்கு மேலாக உழைத்த குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் கொடுத்து, அவர்களையும் சிறுதோட்டக்காரராக்கிப் பார்த்தால் என்ன? சில இடங்களில் கம்பனிகளே செடிகளைத் தொழிலாளரிடம் பிரித்துவிட்டுக் கொழுந்தை விலைக்கு வாங்குகின்றன. செடியைப் பார்க்கும் பொறுப்பு அவனுக்கு, காணியின் உறுதி மட்டும் அவனுக்கில்லை என்பது என்ன நியாயம்?

இதை வாசிக்கும் நம் உத்தியோகத்தர்களிடமும் ஒரு வார்த்தை. சப்ரகமுவத் தமிழரை நினைத்துப் பரிதாபப்படுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பரிதாபம் செலவில்லாதது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தமிழில் முறைப்பாடு எழுத, தமிழில் விளக்கம் பெற, தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் கற்க அவர்கள் படும் பாட்டை நீக்க, ஆசிரியரும் வழக்கறிஞரும் வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலையேறப் போகும் நண்பர்கள், அதற்கு மறுநாள் அடிவாரத் தோட்டத்துப் பள்ளியில் ஒரு பாடம் எடுத்துவிட்டுத் திரும்பினால் சீருந்துக்கு எரிபொருள் கூடச் செலவாகப் போவதில்லை. சம்பளச் சீட்டைப் படித்து, பிடித்த தொகை சரியா, பேர் சரியா, சேமலாப நிதி சரியா என்று சொல்லக்கூடிய ஒரு கணக்காளர் ஒரு தோட்டத்துக்கு ஒரு முறை போனாலும் போதும். அடுத்த மாதச் சீட்டு தானாகத் திருந்திவிடும் என்பது நம் நம்பிக்கை.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்கின்றோம். இவ்விதழில் இனித் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றி எச்செய்தி வந்தாலும், ‘உயர்வு’ என்ற தலைப்பைத் தனியே போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கின்றோம். பழைய மொத்தம் என்ன, புதிய மொத்தம் என்ன, இடையில் ஏறிய விலை என்ன, புதிய கூலியின் மதிப்புப் பழைய விலையில் எத்தனை ரூபா என்று நான்கு எண்களையும் சேர்த்தே அச்சிடுவோம். கம்பனியும் சங்கமும் அமைச்சும் தரும் அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எண்களில் பிழை கண்ட வாசகர்கள், அவர்கள் கம்பனிக்காரராயினும், எழுதியனுப்பினால் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுவோம்.